கம்யூனிட்டி காலேஜ் யூனிட்கள் யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் எப்படிப் போய்ச் சேருகின்றன: கலிபோர்னியாவுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃப்ரீமான்ட்டிலோ சான் ஹோசேயிலோ நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில், "பையன் கம்யூனிட்டி காலேஜ்ல சேர்ந்திருக்கான்" என்று ஒருவர் சொன்னால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: "அங்க படிச்சதெல்லாம் யூனிவர்சிட்டியில ஏத்துக்குவாங்களா?" பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு அந்தப் பாடம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. எழுபது யூனிட் (ஒரு பாடத்தின் அளவைக் குறிக்கும் எண்) முடித்து, எழுபதும் ஏற்கப்பட்டு, அதற்கு மேலும் மூன்று வருடம் பல்கலைக்கழகத்தில் இருக்க நேர்ந்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் யூனிட்டை இழக்கவில்லை. யூனிட்கள் தப்பான கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டன, அவ்வளவுதான்.

இங்கே கலிபோர்னியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1960-இல் வகுக்கப்பட்ட உயர்கல்வித் திட்டத்தின்படி இந்த மாநிலத்தின் அரசுக் கல்வி மூன்று அடுக்குகளாக இருக்கிறது. கீழே 116 கம்யூனிட்டி காலேஜ்கள், அடுத்து கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள், அதற்கும் மேலே யூசி எனப்படும் கலிபோர்னியா பல்கலைக்கழகம். யூசியில் பத்து வளாகங்கள், அவற்றில் இளநிலைப் படிப்பு உள்ளவை ஒன்பது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்துவிட்டு மூன்றாம் வருடத்தில் மேல் அடுக்குக்குப் போவது இங்கே குறுக்கு வழி கிடையாது. அந்தத் திட்டத்திலேயே போடப்பட்ட பாதை அது. இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மூன்று கணக்குகள்

நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு பாடமும் மூன்று கணக்குகளில் ஒன்றிலோ, ஒரே நேரத்தில் பலவற்றிலோ வரவாகலாம்.

முதலாவது மொத்த யூனிட். மூன்றாம் வருட மாணவராகச் சேர 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். குவார்ட்டர் முறைக் கல்லூரி (செமஸ்டரை விடக் குறுகிய பருவங்கள் கொண்டது) என்றால் 90. இரண்டாவது பொதுக்கல்வி, அதாவது எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) எடுத்தாலும் எல்லோரும் படிக்க வேண்டிய ஆங்கிலம், கணிதம், கலை, சமூக அறிவியல், அறிவியல் பாடங்கள். மூன்றாவது மேஜருக்கான முன்பாடங்கள். கணினி அறிவியல் என்றால் கால்குலஸ், புரோகிராமிங் வரிசை. உயிரியல் என்றால் லேபுடன் கூடிய வேதியியல், உயிரியல் வரிசை.

"இது டிரான்ஸ்ஃபரபிள் கோர்ஸ்தான்" என்று யாராவது சொன்னால் முதல் கணக்கு நிச்சயம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் ஸ்டேட்டுக்கு மாறும் எல்லாப் பாடங்களும் யூசிக்கு மாறாது என்பதும் நினைவில் இருக்கட்டும். கல்லூரி கேட்லாகில் பாடத்தின் விவரத்துக்குக் கீழே இரண்டையும் தனித்தனியாகக் குறித்திருப்பார்கள்.

மொத்த யூனிட்டுக்கு மேல்வரம்பும் உண்டு. கம்யூனிட்டி காலேஜிலிருந்து 70 செமஸ்டர் யூனிட் வரைதான் எண்ணிக்கையில் சேரும். அதற்கு மேல் எடுத்த பாடம் வீண் இல்லை. அது நிறைவு செய்யும் தேவை நிறைவானதாகவே எடுத்துக்கொள்ளப்படும், ஆனால் யூனிட் எண்ணிக்கை கூடாது. கம்யூனிட்டி காலேஜில் மட்டுமே படித்தவருக்கு 'யூனிட் அதிகமாகிவிட்டது' என்ற காரணத்தால் யூசியில் இடம் போகாது. எனவே நூறு யூனிட் ஆகிவிட்டதே என்று பயப்பட வேண்டாம்.

முதல் படி: எங்கே, எந்த மேஜர்

வகுப்பில் சேர்ந்து பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம் என்பது நம் ஊரிலிருந்து வருபவர்களுக்கு வினோதமான சுதந்திரமாகத் தெரியும். அழகான சுதந்திரம்தான். ஆனால் முதல் செமஸ்டரைத் தாண்டி அதை நீட்டிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரே மேஜருக்கு ஒவ்வொரு யூசி வளாகமும் வெவ்வேறு முன்பாடங்களைக் கேட்கும். ஒரு வளாகம் லீனியர் அல்ஜீப்ராவைக் கட்டாயம் என்னும், இன்னொன்று அதைக் கேட்கவே கேட்காது. இரண்டு மேஜர், நாலு வளாகம் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் விரித்தால் பாடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும்.

முதல் செமஸ்டரில் என்ன எடுப்பது என்றே தெரியாவிட்டால் ஆங்கிலக் கட்டுரைப் பாடமும் உங்கள் மேஜர் கேட்கக்கூடிய கணிதமும் எடுங்கள். அந்த இரண்டும் எங்கே போனாலும் வேண்டும்.

அசிஸ்ட் தளத்தைப் படிப்பது எப்படி

அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளம் இந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பதிவேடு. எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடம் எந்த யூசி அல்லது கால் ஸ்டேட் பாடத்துக்குச் சமம் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். நண்பர் சொன்னது, வாட்ஸ்அப் குழுவில் வந்தது, போன வருடம் போன சீனியர் சொன்னது எல்லாம் இதற்குப் பிறகுதான்.

தளத்தில் கல்வியாண்டு, உங்கள் கல்லூரி, போக வேண்டிய பல்கலைக்கழகம் மூன்றையும் தேர்ந்தெடுங்கள். பிறகு மேஜரைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கமாக ஒரு பட்டியல் விரியும். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் அதற்குச் சமமான உங்கள் கல்லூரிப் பாடம். புதிதாகப் பார்ப்பவர்கள் தவறவிடும் இடங்கள் சில உண்டு.

வலப்பக்கத்தில் இரண்டு பாடங்களுக்கு நடுவே 'ஆண்ட்' என்று இருந்தால் இரண்டையும் முடித்தால்தான் அந்த ஒரு பல்கலைக்கழகப் பாடம் கிடைக்கும். ஒன்றை மட்டும் முடித்தால் பாதி கிடைக்கும் என்று நினைக்கக் கூடாது. மேஜர் தேவையில் ஒன்றும் கிடைக்காது, மொத்த யூனிட்டில் மட்டும் சேரும். 'ஆர்' என்று இருந்தால் ஏதேனும் ஒன்று போதும். 'நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்' என்று இருந்தால் உங்கள் கல்லூரியில் அதற்கு ஈடான பாடம் இல்லை என்று அர்த்தம். அப்போது பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே இருந்தால் அந்த ஒரு பாடத்தை மட்டும் அங்கே எடுக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு கல்லூரிகளில் பதிவு செய்வது இங்கே சர்வ சாதாரணம்.

பட்டியலின் மேலே சிறிய எழுத்தில் சில பத்திகள் இருக்கும். அங்கேதான் 'இந்தப் பாடங்கள் இல்லாமல் விண்ணப்பித்தால் பரிசீலிக்க மாட்டோம்', 'இந்தப் பாடங்களில் இவ்வளவு சராசரி வேண்டும்' என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். பட்டியலை விட அந்தப் பத்திகளை இரண்டு தடவை படியுங்கள். அப்புறம் பக்கத்தை பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். இந்தப் பட்டியல்கள் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான ஒப்பந்தங்கள், அவை வருடந்தோறும் மாறும். நீங்கள் பாடம் எடுத்த வருடத்தின் ஒப்பந்தமே உங்களுக்குச் செல்லும். அதைக் காட்டுவதற்கு உங்கள் கையில் ஒரு பிரதி இருப்பது நல்லது.

வரிசைப் பாடங்களைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான் கால்குலஸின் முதல் இரண்டு பகுதிகளைக் குவார்ட்டர் முறைக் கல்லூரி ஒன்றில் முடித்தேன். வீடு மாறியதால் அடுத்த பகுதியைச் செமஸ்டர் முறைக் கல்லூரி ஒன்றில் எடுக்கப் போனேன். குவார்ட்டரில் நான்கு துண்டாக வருவது செமஸ்டரில் மூன்று துண்டாக வரும், வெட்டும் இடம் ஒன்றாக இருக்காது. நான் நின்ற இடம் அங்கே இரண்டாம் பாடத்தின் நடுவில் விழுந்தது. அந்த இரண்டாம் பாடத்தை முழுதாக மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே படித்த பகுதிக்கு இரண்டாம் முறை யூனிட்டும் கிடைக்கவில்லை. ஒரு செமஸ்டர் போனது. கால்குலஸ், இயற்பியல், வேதியியல் போன்ற வரிசைகளை ஆரம்பித்த கல்லூரியிலேயே முடியுங்கள். மாறியே ஆக வேண்டும் என்றால் வரிசை முடிந்த பிறகு மாறுங்கள்.

மாற்றுக் கணக்கு எளிது: குவார்ட்டர் யூனிட்டை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் செமஸ்டர் யூனிட். குவார்ட்டரில் 5 யூனிட் பாடம் செமஸ்டர் கணக்கில் 3.33. கூபர்டினோவின் டி ஆன்ஸா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில் இரண்டும் குவார்ட்டர் முறை. மாநிலத்தின் பெரும்பாலான கம்யூனிட்டி காலேஜ்கள் செமஸ்டர். யூசியில் பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர், மற்றவை குவார்ட்டர்.

பொதுக்கல்வி: கால்-கெட்சி

2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேருபவர்களுக்கு கால்-கெட்சி என்ற ஒரே பட்டியல்தான். யூசி, கால் ஸ்டேட் இரண்டுக்கும் பொதுவானது. முன்பு ஐகெட்சி என்ற பட்டியலும் கால் ஸ்டேட்டின் தனிப் பட்டியலும் இருந்தன. 2021-இல் வந்த சட்டம் இரண்டையும் ஒன்றாக்கச் சொன்னது. அதற்கு முன்பே படிக்கத் தொடங்கி இடைவெளி விடாமல் தொடர்பவர்கள் பழைய பட்டியலிலேயே முடிக்கலாம். பழைய பட்டியலைப் படித்துவிட்டு உங்களுக்கு ஆலோசனை சொல்லும் அண்ணன், அக்காமார் நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள், ஆனால் உங்கள் பட்டியல் வேறு.

கால்-கெட்சியில் மொத்தம் 11 பாடம், 34 செமஸ்டர் யூனிட். ஆங்கிலக் கட்டுரை, விமர்சனச் சிந்தனையும் எழுத்தும், மேடைப் பேச்சு ஆகியவற்றில் ஒவ்வொன்று. கணிதம் ஒன்று. கலை ஒன்று, இலக்கியம், தத்துவம் போன்ற மானுடப் பண்பியல் பாடங்களில் ஒன்று. சமூக அறிவியலில் இரண்டு வெவ்வேறு துறைகளிலிருந்து இரண்டு. இயற்பியல் பக்கம் ஒன்று, உயிரியல் பக்கம் ஒன்று, இவற்றில் ஒன்றுக்காவது லேப் வேண்டும். இன ஆய்வுப் பாடம் ஒன்று. ஒவ்வொன்றிலும் 'சி' கிரேடாவது வேண்டும், 'சி மைனஸ்' போதாது.

மேஜருக்கான கால்குலஸே இங்கே கணிதத்துக்கும் ஆகும், மேஜருக்கான இயற்பியலே அறிவியலுக்கும் ஆகும். இப்படி ஒரே பாடத்தை இரண்டு கணக்கில் வரவு வைப்பதுதான் திட்டமிடலின் சாரம். பொறியியல், கணினி அறிவியல் போன்ற பாடங்களுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பொதுக்கல்வி பாக்கி இருந்தாலும் பிறகு முடித்துக்கொள்ளலாம், முன்பாடங்கள் பாக்கி இருந்தால் இடமே கிடைக்காமல் போகலாம். மோதல் வந்தால் முன்பாடத்தை எடுங்கள்.

கால்-கெட்சி தானாகப் போய்ச் சேராது. கடைசியாகப் படிக்கும் கம்யூனிட்டி காலேஜில் 'சர்ட்டிஃபிகேஷன்' கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பல கல்லூரிகளில் எடுத்த பாடங்களைக் கலந்தும் சான்று பெறலாம். இதைக் கேட்க மறந்தால், எல்லாம் முடித்திருந்தும் பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொதுக்கல்விப் பட்டியலை உங்கள் தலையில் வைக்கும்.

அதே 2025 பருவத்தில் பொதுப் பாட எண்களும் வரத் தொடங்கின. 'இங்கிலிஷ் சி1000', 'ஸ்டாட் சி1000' என்று இருந்தால் மாநிலத்தின் எந்தக் கம்யூனிட்டி காலேஜிலும் அது ஒரே பாடம். எல்லாப் பாடங்களுக்கும் இது இன்னும் வரவில்லை.

இடத்தை உறுதி செய்யும் இரண்டு வழிகள்

கால் ஸ்டேட்டுக்குப் போக ஏ.டி.டி. (அசோசியேட் டிகிரி ஃபார் டிரான்ஸ்ஃபர்) என்ற இரண்டாண்டுப் பட்டம் இருக்கிறது. டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரியின் மதிப்பெண் பட்டியலில்) 'ஏஏ-டி' அல்லது 'ஏஎஸ்-டி' என்று வரும். அந்தக் கடைசி 'டி' முக்கியம். வெறும் ஏஏ பட்டத்துக்கு இந்தச் சலுகை இல்லை. ஏ.டி.டி. முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது இடம் உறுதி. அதைச் சார்ந்த மேஜரில் சேர்ந்தால் இன்னும் 60 யூனிட்டில் இளநிலைப் பட்டம். 'எங்காவது' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், நீங்கள் விரும்பும் வளாகத்தில் என்று அர்த்தமில்லை.

யூசிக்கு 'டேக்' (டிரான்ஸ்ஃபர் அட்மிஷன் கேரண்டி) என்ற உறுதித் திட்டம். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்களில் மட்டும் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் கிடையாது. ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். விண்ணப்பிக்கும்போதே யூசிக்கு மாறும் 30 செமஸ்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும். செப்டம்பர் 1 முதல் 30 வரை சமர்ப்பிக்க வேண்டும், கூட்டம் அதிகமுள்ள சில மேஜர்களுக்கு டேக் இல்லை. கனவு வளாகத்துக்குச் சாதாரணமாக விண்ணப்பித்துவிட்டு, டேக்கை இன்னொரு நல்ல வளாகத்துக்குப் போடுவதே விவேகம். மடியில் ஒன்று இருந்தால் மனசு நிம்மதியாக இருக்கும்.

உறுதித் திட்டம் இல்லாமல் விண்ணப்பிக்க யூசி கேட்கும் குறைந்தபட்சக் கிரேடு சராசரி (ஜிபிஏ, 4-க்கு), கலிபோர்னியாவாசிகளுக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8. கால் ஸ்டேட்டில் 2.0, 2.4. இவை வாசல் மட்டும்தான். விரும்பிக் கேட்கப்படும் மேஜர்களில் இதை விட மிக உயர்ந்த சராசரி உள்ளவர்களே உள்ளே போகிறார்கள்.

ஊரில் படித்தது, ஏபி, ஹைஸ்கூலில் எடுத்த பாடங்கள்

தமிழ்நாட்டில் ஒரு வருடம் கல்லூரியில் படித்துவிட்டு, பெற்றோருடன் இங்கே வந்த பிள்ளைகள் உண்டு. அந்த மதிப்பெண் சரியில்லை என்று மறைக்கவே மறைக்காதீர்கள். படித்த ஒவ்வொரு கல்லூரியையும் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த இடமும் பறிபோகும். வெளிநாட்டுப் பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜ் தன் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ள, பாடவாரியான மதிப்பீட்டு அறிக்கை கேட்கும். யூசி தானே தனியாக மதிப்பிட்டுக்கொள்ளும். கம்யூனிட்டி காலேஜ் ஏற்றது என்பதால் யூசியும் ஏற்கும் என்று நம்பித் திட்டம் போட வேண்டாம். ஊரில் பட்டமே முடித்தவர்களுக்கு வேறு விதி. யூசி பொதுவாக இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்குச் சேர்ப்பதில்லை. அவர்கள் கவுன்சிலரிடம் முதுநிலை வழியைப் பற்றிக் கேட்பது மேல்.

ஹைஸ்கூலிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வான ஏபியில் 3 அல்லது அதற்கு மேல் எடுத்திருந்தால் யூசியில் யூனிட் உண்டு, அது 70 வரம்புக்குள் வராது. ஆனால் ஏபி கால்குலஸுக்கு யூனிட் வாங்கிவிட்டு அதே கால்குலஸைக் காலேஜிலும் எடுத்தால் இரண்டு முறை கிடைக்காது.

ஹைஸ்கூல் படிக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் பாடம் எடுக்கும் நம் பிள்ளைகள் நிறைய. நல்ல விஷயம்தான். அந்தக் கிரேடு வாழ்நாள் முழுவதும் டிரான்ஸ்கிரிப்டில் நிற்கும் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லி அனுப்புங்கள். பதினைந்து வயதில் பாதியில் விட்ட பாடத்தின் 'எஃப்' இருபது வயதில் விண்ணப்பத்தில் வந்து நிற்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். எத்தனை பாடம் எடுத்தாலும் ஹைஸ்கூல் முடித்தவுடன் நேரே பல்கலைக்கழகம் போனால் அவர்கள் முதல் வருட விண்ணப்பதாரர்களே. முடித்தபின் வழக்கமான பருவத்தில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தால்தான் டிரான்ஸ்ஃபர் வரிசை.

கட்டணமும் விசாவும்

கலிபோர்னியாவாசிகளுக்கு ஒரு யூனிட் 46 டாலர். அறுபது யூனிட்டுக்கு 2,760 டாலர். வெளியார் கட்டணம் பல மடங்கு. எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்கானது) இருப்பவர்கள் ஒரு வருடமும் ஒரு நாளும் இங்கே வசித்து, இங்கேயே இருக்கும் எண்ணத்தையும் ஆவணங்களால் காட்டினால் கலிபோர்னியாவாசிக் கட்டணம் பெற முடியும். மாணவர் விசாவான எஃப்-1-இல் இருப்பவர்களுக்கு அது முடியாது.

எஃப்-1 மாணவர்கள் வழக்கமான ஒவ்வொரு பருவத்திலும் 12 யூனிட் எடுக்க வேண்டும், அதில் ஆன்லைனில் ஒரே ஒரு பாடம்தான் கணக்கில் வரும். படிப்பு முடிந்த 60 நாளுக்குள் செவிஸ் எனும் அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவைப் புதிய பல்கலைக்கழகத்துக்கு மாற்றச் சொல்லி வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் போனால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். யூனிட் போவது ஒரு பாதை, மாணவர் விசாவுக்கான படிவமான ஐ-20 போவது வேறு பாதை.

விண்ணப்பத்திலிருந்து கடைசி டிரான்ஸ்கிரிப்ட் வரை

யூசி விண்ணப்பத்தை ஆகஸ்ட் 1 முதல் நிரப்பலாம், அக்டோபர் 1-இலிருந்து நவம்பர் 30 வரை சமர்ப்பிக்கலாம். கால் ஸ்டேட்டும் அக்டோபர் 1-இல் திறக்கும். கடைசி நாள் சில வருடங்களில் ஓரிரு நாள் தள்ளும், அந்த வருடத்தின் அறிவிப்பைப் பாருங்கள். எல்லாப் பாடங்களையும் கிரேடுகளையும் நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். டிரான்ஸ்கிரிப்டை எதிரில் வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை இருக்கிறபடியே போடுங்கள். ஜனவரியில் யூசி ஒரு புதுப்பிப்புப் படிவம் கேட்கும். இலையுதிர் பருவக் கிரேடையும், வசந்த பருவத்தில் எடுக்கப் போவதையும் அதில் சொல்ல வேண்டும். நிறைய பேர் இந்த மின்னஞ்சலைத் தவறவிடுகிறார்கள்.

60 யூனிட்டும், இரண்டு ஆங்கிலப் பாடங்களும், கணிதமும், சேரும் ஆண்டின் வசந்த பருவத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். கோடையில் முடித்துக்கொள்கிறேன் என்று ஒதுக்கி வைத்தால் விண்ணப்பமே செல்லாமல் போகலாம். சேர இடம் கிடைத்த பிறகு ஒரு பாடத்தைக் கைவிட நேர்ந்தால் உடனே அந்த வளாகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சொல்லாமல் கைவிட்டு, ஜூலையில் டிரான்ஸ்கிரிப்ட் போனபோது இடம் ரத்தானவர்கள் இருக்கிறார்கள்.

கடைசி டிரான்ஸ்கிரிப்டை, எத்தனை கல்லூரியில் படித்தீர்களோ அத்தனையிலிருந்தும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒரே ஒரு கோடைப் பாடம் எடுத்த கல்லூரியையும் விட முடியாது. யூசி இதற்கு ஜூலை 1 என்று நாள் குறித்திருக்கிறது.

பல்கலைக்கழகம் சேர்த்துக்கொண்டபின் உங்கள் கணக்கில் ஒரு மதிப்பீட்டு அறிக்கை வரும். கையில் பேனாவோடு உட்கார்ந்து, சேமித்து வைத்த அசிஸ்ட் பக்கத்தோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிடுங்கள். வந்திருக்க வேண்டிய பாடம் மேஜர் கணக்கில் வராமல் 'எலெக்டிவ்' என்று விழுந்திருந்தால், மறுபரிசீலனை மனு போடலாம். அதற்குக் கேட்பது அந்தப் பாடத்தின் சிலபஸ்: வாரவாரியாக என்ன நடத்தினார்கள், எந்தப் பாடநூல், லேப் எத்தனை மணி நேரம். இரண்டு வருடம் கழித்து ஆசிரியரைத் தேடிப் பிடித்து அதை வாங்குவது பெரிய பாடு. எனவே ஒவ்வொரு பருவத்தின் முதல் வாரத்திலும், சிலபஸ் கைக்கு வந்த அன்றே, பாட எண், ஆண்டு, பருவம் மூன்றையும் கோப்பின் பெயரில் போட்டு ஒரே இடத்தில் சேமியுங்கள்.